வாக்கு ஒரு சாட்சி, எண்ணிக்கை ஓர் அமானிதம்

  

 

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் என்னிடம் ஒரு மஸ்அலா தவறாமல் வந்துவிடும். "ஹஜ்ரத், விரலில் வைத்த மை அழியவில்லை, உளூ கூடுமா?" மை தோலில் ஊறிய நிறமாக மட்டும் இருந்தால் தண்ணீர் படுவதை அது தடுக்காது, உளூ கூடும் என்று பதில் சொல்லி அனுப்புவேன். அவர்களும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட வந்து, "ஹஜ்ரத், தேர்தலுக்கு முந்தின நாள் இரவு ஒரு கவர் கொடுத்தார்கள், அது ஹலாலா?" என்று கேட்டதில்லை. மை விரலில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மற்றது தெரிவதில்லை.

இன்றைய பேச்சு அந்த விரலைப் பற்றியும், அந்த விரல் போட்ட ஓட்டை எண்ணும் கையைப் பற்றியும்தான். நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. எந்தக் கட்சியையும் குறை சொல்லவும் வரவில்லை. மிம்பர் அதற்கான இடமல்ல.

நம் நல்லம்பள்ளி ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு ஓட்டு எண்ணுவது என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மின்னணு இயந்திரம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஊராட்சித் தேர்தலில் மட்டும் நாம் இன்னும் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிறோம். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாட்களில் நம் தருமபுரி உட்பட 27 மாவட்டங்களில் அந்தத் தேர்தல் நடந்தது. ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். 2020 ஜனவரி 2 அன்று பெட்டியைத் திறந்து, நிறம் நிறமாகப் பிரித்து, கட்டுக் கட்டாக அடுக்கி, மனிதர்கள் கையால் எண்ணினார்கள்.

ஒரு சிற்றூரின் வார்டில் ஐந்து ஓட்டில் ஜெயிப்பவர் உண்டு, ஒரு ஓட்டில் ஜெயிப்பவர் உண்டு. இருவருக்கும் சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு. அப்படி நூலிழையில் தோற்றவர் "இன்னொரு தடவை எண்ணுங்கள்" என்று கேட்டால் என்ன நடக்கிறது? ஜெயித்தவர் தரப்பு, "எங்களைத் திருடன் என்கிறாயா?" என்று சண்டைக்கு வருகிறது. எண்ணியவர்கள், "எங்கள் மேல் சந்தேகமா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அன்று ஆரம்பித்த பகை அடுத்த தேர்தல் வரைக்கும் போகிறது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்து ஸலாம் சொல்லாமல் பிரியும் இரண்டு பேரை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

மறுபடி எண்ணச் சொல்வது அவமானமா? இதற்கு நபி (ஸல்) அவர்களுடைய பள்ளிவாசலிலேயே பதில் இருக்கிறது.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் வருகிறது. ஒரு நாள் லுஹரோ அஸரோ, நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழ வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். பிறகு எழுந்து போய்ப் பள்ளிவாசலில் இருந்த ஒரு மரக்கட்டையில் சாய்ந்து நின்றார்கள். முகத்தில் கோபம் இருப்பதுபோல் தெரிந்தது. அவசரக்காரர்கள் சிலர், தொழுகை குறைக்கப்பட்டுவிட்டது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அபூபக்ர் (ரலி) இருந்தார்கள், உமர் (ரலி) இருந்தார்கள். அவர்களுக்கே பேசத் தயக்கம்.

அப்போது ஒருவர் எழுந்தார். அவருக்குக் கைகள் நீளமாக இருந்ததால் மக்கள் அவரை துல்யதைன், அதாவது கைக்காரர், என்று அழைப்பார்கள். அவர் கேட்டார்: அல்லாஹ்வின் தூதரே, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா? நபி (ஸல்) அவர்கள், மறக்கவும் இல்லை, குறைக்கப்படவும் இல்லை என்றார்கள். அதோடு விடவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பி, இவர் சொல்வது சரிதானா என்று கேட்டார்கள். ஆம் என்று எல்லோரும் சொன்னதும், விடுபட்ட இரண்டு ரக்அத்தைத் தொழ வைத்து, ஸஹ்வுடைய ஸஜ்தாவும் செய்தார்கள். (இடையில் பேசியது தொழுகையை முறிக்காதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அதில் மத்ஹபுகளுடைய விளக்கம் தனியாக இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

இந்தச் சம்பவத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன், ஸஹ்வு ஸஜ்தாவின் சட்டத்துக்காக. ஒரு தடவைதான் இது எண்ணிக்கை பற்றிய வழக்கு என்று உறைத்தது. எண்ணிக்கை தவறிவிட்டது என்று ஒரு சாதாரண மனிதர் சொல்கிறார். யாரிடம்? பொய்யே சொல்லாதவர்கள் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டவர்களிடம். அவர்கள் கோபப்படவில்லை. "என் எண்ணிக்கையையா சந்தேகிக்கிறாய்" என்று கேட்கவில்லை. தாம் மறக்கவில்லை என்றே அவர்கள் நினைத்தார்கள், அப்படித்தான் முதலில் சொன்னார்கள். ஆனாலும் தம் நினைப்பை முடிவாக வைத்துக்கொள்ளாமல், பார்த்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்தார்கள். தவறு தெரிந்ததும் அங்கேயே திருத்தினார்கள். நாயகமே தங்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்க விட்டிருக்கும்போது, ஓட்டு எண்ணும் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஊழியருக்கோ, ஜெயித்த வேட்பாளருக்கோ அதில் என்ன அவமானம்? நம் வாரச்சந்தையில் இருபது ஆடு வாங்குகிறவர், வண்டியில் ஏற்றும்போது இன்னொரு தடவை எண்ணித்தான் ஏற்றுகிறார். விற்றவர் அதற்காகச் சண்டைக்கு வருவதில்லை.

துல்யதைன் (ரலி) அவர்களிடமும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் குற்றம் சாட்டவில்லை. கேள்வி கேட்டார். கேட்டதற்கு ஆதாரம் இருந்தது, தன் கண்ணால் பார்த்த இரண்டு ரக்அத். வெளியே போனவர்களைப் போல ஒரு வதந்தியைக் கிளப்பிக்கொண்டு அவர் போகவில்லை. சபையில், சம்பந்தப்பட்டவர்களிடமே, நேரடியாகக் கேட்டார்.

நம் நாட்டுச் சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 63வது விதி மறு எண்ணிக்கை பற்றியது. மொத்த ஓட்டுகளை அறிவித்த பிறகு, வேட்பாளரோ அவருடைய முகவரோ எழுத்து மூலம், காரணம் சொல்லி, மறுபடி எண்ணக் கேட்கலாம். தேர்தல் அதிகாரி முழுவதையும் எண்ணச் சொல்லலாம், ஒரு பகுதியை மட்டும் எண்ணச் சொல்லலாம், கோரிக்கை அற்பமானது, நியாயமற்றது என்று தெரிந்தால் மறுக்கலாம். எந்த முடிவானாலும் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். முடிவுப் படிவத்தை நிறைவு செய்து கையெழுத்திட்டுவிட்டால் அவரிடம் கேட்கும் வாய்ப்பு முடிந்துவிடும். அதன் பிறகு 45 நாட்களுக்குள் நீதிமன்றம்தான். சட்டமன்றம், நாடாளுமன்றம் என்றால் உயர் நீதிமன்றம். ஊராட்சி என்றால் மாவட்ட நீதிமன்றம்.

அங்கே போனாலும் வெறும் சந்தேகத்துக்காகப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். 1964இல் உத்தரப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஓட்டுச் சீட்டின் ரகசியம் பெரியது, குறிப்பான விவரங்களைச் சொல்லி அவற்றுக்கு முதல்நிலை ஆதாரமும் காட்டினால்தான் சீட்டுகளைப் பார்க்க அனுமதிக்க முடியும் என்றது. நம் ஃபிக்ஹில் இதற்கு இணையான ஓர் அடிப்படை உண்டு. உறுதியாகத் தெரிந்த ஒன்று சந்தேகத்தால் நீங்காது. தொழுது முடித்துப் போன பிறகு "மூன்றா, நான்கா" என்று மனதில் ஓடும் வஸ்வாஸுக்காக எவரும் திரும்பத் தொழ வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர் நிச்சயமாகப் பார்த்துச் சொன்னால் அது வஸ்வாஸ் அல்ல.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் இன்று நாம் இரண்டு பக்கமும் தவறு செய்கிறோம். தோற்ற அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது, எந்த ஊர் என்றே தெரியாது, யாரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். "பார்த்தீர்களா, எல்லாம் ஏமாற்று" என்று பத்துக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவடையுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுவது ஓட்டுச் செய்திக்குப் பொருந்தாதா? அதே நேரம், ஆதாரத்தோடு கேட்பவரையும் "தோற்ற வயிற்றெரிச்சல்" என்று சொல்லி வாயடைக்கிறோம்.

ஆதாரத்தோடு கேட்டு, பல வருடம் காத்திருந்தவர்கள் உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே இன்பதுரை அவர்கள் அப்பாவு அவர்களை 49 ஓட்டில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. 203 அஞ்சல் ஓட்டுகளை எண்ணாமல் ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஓட்டுகளோடு இருந்த உறுதிமொழியில் சான்றொப்பம் இட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது காரணம். வித்தியாசம் 49, ஒதுக்கியது 203. இது வஸ்வாஸா, ஆதாரமா, நீங்களே சொல்லுங்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அஞ்சல் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண வேண்டும் என்ற உத்தரவு வந்தது 2019 அக்டோபர் 1 அன்று. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அதே நாளில் உச்ச நீதிமன்றம், முடிவை வெளியிட வேண்டாம் என்று தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது. ராதாபுரத்து மக்கள் 2016இல் தங்கள் பிரதிநிதியாக உண்மையில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விடை அந்த ஐந்து வருடத்துக்குள் அவர்களுக்குப் பயன்படவில்லை. யார் ஜெயித்திருந்தாலும் சரி, அந்தத் தாமதம் நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரியானாவில் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாகு என்று ஒரு கிராமம். நம் ஊராட்சித் தலைவர் மாதிரி அங்கே சர்பஞ்ச். 2022 நவம்பர் 2 அன்று தேர்தல். ஒருவர் ஜெயித்தார் என்று அறிவித்தார்கள், மற்றவர் எண்ணிக்கை தவறு என்று வழக்குப் போட்டார். கீழே ஓர் உத்தரவு, மேலே வேறோர் உத்தரவு என்று அலைந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சின்ன கிராமத்து இயந்திரங்களை எல்லாம் டெல்லிக்கே கொண்டுவரச் சொன்னது. 2025 ஆகஸ்ட் 6 அன்று, இரு தரப்பையும் வைத்துக்கொண்டு, வீடியோ எடுத்து, நீதிமன்றப் பதிவாளர் எண்ணினார். தோற்றதாகச் சொல்லப்பட்டவர் 1,051, ஜெயித்ததாகச் சொல்லப்பட்டவர் 1,000. இரண்டே முக்கால் வருடம் வேறொருவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, 51 ஓட்டு வித்தியாசத்தில் உரியவரிடம் வந்தது.

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய ஒரு கடிதம் நீதிபதிகளுக்கான வழிகாட்டியாக இன்றுவரை படிக்கப்படுகிறது. அதில் அவர்கள் சொன்ன அறிவுரையின் கருத்து இது: நேற்று நீர் ஒரு தீர்ப்புக் கொடுத்துவிட்டீர், இன்று யோசித்ததில் சரியானது வேறு என்று தெரிகிறது என்றால், நேற்றுக் கொடுத்த தீர்ப்பு சத்தியத்துக்குத் திரும்புவதைத் தடுக்க வேண்டாம். சத்தியம் பழமையானது, அதை எதுவும் ரத்துச் செய்யாது. தவறில் பிடிவாதமாக இருப்பதைவிட அதன் பக்கம் திரும்புவது மேல். அறிவித்தாயிற்று, மாலை போட்டாயிற்று, பட்டாசு வெடித்தாயிற்று, இனி எப்படி மாற்றுவது என்று கேட்கும் உலகத்துக்கு உமர் (ரலி) அவர்களின் பதில் அது.

கையால் எண்ணிவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரமே வேண்டாம், சீட்டுக்குத் திரும்புவோம் என்று பேசும் சகோதரர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் கவலையில் ஓர் உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல், தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அதற்காகத்தான் இயந்திரத்தோடு விவிபேட் என்ற பெட்டி வந்தது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் ஏழு விநாடி ஒரு சீட்டுக் கண்ணாடிக்குள் தெரிந்து விழுகிறதே, அது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளில் அந்தச் சீட்டுகளைக் கையால் எண்ணி ஒப்பிட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இயந்திரத்துக்கும் சீட்டுக்கும் கணக்கு மாறினால் சீட்டின் கணக்கே செல்லும். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. அது போதுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதைச் சட்டப்படி பேசலாம்.

ஆனால் சண்டிகரை நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரி 30 அன்று நடந்த அந்த மேயர் தேர்தலில் இயந்திரமே கிடையாது. வெறும் 36 ஓட்டு, காகிதச் சீட்டு, ஒரு மேஜை. தேர்தலை நடத்திய அதிகாரியே எட்டுச் சீட்டுகளில் பேனாவால் கோடு போட்டு, செல்லாது என்று தள்ளிவிட்டார். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அந்தச் சீட்டுகளைத் தங்கள் கையில் வாங்கிப் பார்த்து, எட்டும் செல்லும் என்று சொல்லி, 20 ஓட்டுப் பெற்றவரே மேயர் என்று அறிவித்தார்கள். கெடுத்ததும் கை, திருத்தியதும் கை. அன்றைய தினம் நம் வாய்களுக்கு முத்திரையிடுவான், நம் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று யாஸீன் சூராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்த ஆயத்தை நாம் மய்யித் வீட்டில்தான் அதிகம் ஓதுகிறோம். ஓட்டு எண்ணப் போகும் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் நம் ஜமாஅத்தில் இருக்கிறீர்கள். எண்ணிக்கைக்குப் போகும் அன்று காலையில் ஓதிவிட்டுப் போங்கள்.

சரி. எண்ணுபவரின் கையைப் பேசிவிட்டோம். இனி நம் கை.

எவ்வளவு நேர்மையாக எண்ணினாலும், எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. பெட்டிக்குள் எது விழுந்ததோ அதைத்தான் எண்ண முடியும். எப்படி விழுந்தது என்பதை எண்ண முடியாது. இதற்கு உதாரணம் நம் தருமபுரித் தொகுதியிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் 18 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியின் எட்டு வாக்குச்சாவடிகளில் முறைகேடு என்று புகார் எழுந்தது. தேர்தல் ஆணையம் அவற்றைத் திரும்ப எண்ணச் சொல்லவில்லை. மே 19 அன்று மறுபடி ஓட்டே போடச் சொன்னது. ஓட்டுப் போட்டதிலேயே கோளாறு என்றால் எண்ணிப் பிரயோஜனம் இல்லை. அதற்கும் முன்னால், ஏப்ரல் 16 அன்றே, வேலூர் நாடாளுமன்றத் தேர்தலைப் பணப் பட்டுவாடா புகாரில் ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்திருந்தார்கள். ஓட்டுப் போடுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது. அது நம் மக்கள் நிறைந்த தொகுதி என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பணம் வாங்கிப் போட்ட ஓட்டும் இருக்கிறது, அல்லாஹ்வுக்குப் பயந்து போட்ட ஓட்டும் இருக்கிறது. மேஜையில் கொட்டினால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். பத்துத் தடவை எண்ணினாலும் மேஜையில் அந்த வித்தியாசம் வராது. அது வேறோர் இடத்தில் எண்ணப்படுகிறது.

முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள், ஓட்டுக்கு மார்க்கத்தில் மூன்று நிலைகள் இருப்பதாக விளக்கினார்கள். ஒன்று சாட்சி, இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர், நம்பிக்கையானவர் என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். இரண்டு சிபாரிசு. மூன்று வகாலத், உங்களுக்காக மட்டுமல்லாமல் முழுச் சமூகத்துக்காகவும் அவரை வக்கீலாக நியமிக்கிறீர்கள். இதில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சி. நமக்கோ நம் தாய் தந்தைக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்று சூரத்துன் னிஸாவின் 135வது வசனத்தில் அல்லாஹ் ஏவுகிறான். சாட்சியை மறைக்காதீர்கள், மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று அல்பகராவில் எச்சரிக்கிறான். முதலாவது வசனம் சொந்தக்காரர் என்பதற்காகப் போடும் ஓட்டைப் பற்றி யோசிக்க வைக்கிறது. இரண்டாவது, "யார் வந்தால் என்ன" என்று வீட்டிலேயே படுத்துக்கொள்பவரை யோசிக்க வைக்கிறது.

ஓர் ஓட்டு என்ன செய்துவிடும்? 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 40,752க்கு எதிராக 40,751. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் 62,216க்கு எதிராக 62,215. இரண்டு இடத்திலும் தோற்றவர் ஓர் ஓட்டில் தோற்றார். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலே ஃபுளோரிடா மாநிலத்தின் 537 ஓட்டில் தீர்ந்தது. அங்கே அட்டையில் துளையிட்டு ஓட்டுப் போடும் முறை. பலர் சரியாக அழுத்தாததால் துண்டு ஒட்டிக்கொண்டே தொங்கியது. அது ஓட்டா, இல்லையா என்று அதிகாரிகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த படங்கள் உலகம் முழுக்கப் பரவின. கையால் மறுபடி எண்ணுவதை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 அன்று நிறுத்தியது. இதில் எண்ணுபவரின் பொறுப்புக்கு முன்னால் ஓட்டுப் போட்டவரின் பொறுப்பு நிற்கிறது. நம் ஊராட்சித் தேர்தலிலும் இரண்டு சின்னத்தில் முத்திரை குத்துபவர்கள், சீட்டில் தன் பெயரை எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். யார் போட்டது என்று அடையாளம் தெரிந்தால் அந்த ஓட்டுச் செல்லாது. வீட்டில் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். அவர்களுடைய சாட்சி வீணாகக் கூடாது. உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பாதீர்கள். அடையாளத்தைக் காட்டி, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு சினிமா வந்துதான் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்தது.

இனி அந்தக் கவர். அல்லாஹ் மறுமையில் பேசாத, ஏறெடுத்துப் பார்க்காத மூன்று பேரை நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். புகாரியில் வரும் அந்த ஹதீஸில் ஒருவன், தலைவரிடம் உலக லாபத்துக்காக மட்டும் பைஅத் செய்தவன். கொடுத்தால் விசுவாசமாக இருப்பான், கொடுக்காவிட்டால் இருக்க மாட்டான். ஓட்டுக்குப் பணம் என்பதற்கு இதைவிட நெருக்கமான வர்ணனை எனக்குத் தெரியாது. "அன்பளிப்பாகத்தானே கொடுத்தார்கள்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். ஸகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றபோது, தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டார்கள். அதே கேள்வியை வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் கவர் வந்தது. பத்தாவது படிக்கும் மகனுக்கு ஏன் வரவில்லை? அவன் மேல் வேட்பாளருக்கு அன்பு இல்லையா? அவனுக்கு ஓட்டு இல்லை, அவ்வளவுதான். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். நாட்டுச் சட்டத்திலும் வாங்குபவர் குற்றவாளியே, ஓராண்டு வரை சிறை உண்டு. "வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டுவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு, வாங்கியது ஒரு பாவம், வாக்குக் கொடுத்து ஏமாற்றியது அதோடு சேர்ந்தது என்று சொல்வேன். வாங்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. ஏழைக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கல்லுடைத்தும் பெங்களூருக்கு வேலைக்குப் போயும் பிழைக்கும் மக்கள் நாம். அந்தக் கஷ்டத்தை அல்லாஹ்வும் அறிவான்.

கடைசியாக, ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நானும் ஒரு மனிதன்தான், உங்களில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதாடலாம், நான் கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்வேன், அப்படிச் சகோதரனின் உரிமையில் எதையாவது நான் எவருக்கேனும் கொடுத்துவிட்டால் அவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் அவருக்கு வெட்டிக் கொடுத்தது நெருப்புத் துண்டு என்றார்கள். சான்றிதழ் கையில் இருக்கிறது, தேர்தல் அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கட்டில் பத்து ஓட்டு மாறிவிட்டது என்பது ஜெயித்தவருக்கு மட்டும் தெரியும் என்றால், அந்தச் சான்றிதழ் அவருக்கு என்ன?

அபூதாவூதில் இதன் பின்னணியும் வருகிறது. இரண்டு பேர் ஒரு பழைய வாரிசுச் சொத்து வழக்கோடு வந்திருந்தார்கள். இருவரிடமும் சாட்சி இல்லை. மேலே சொன்ன வார்த்தைகளைக் கேட்டதும் இருவரும் அழுதுவிட்டார்கள். என் பங்கு என் சகோதரனுக்கே என்று ஒருவர் சொல்ல, இல்லை, என் பங்கு அவருக்கு என்று மற்றவரும் சொன்னார். நபி (ஸல்) அவர்கள், அப்படியானால் நீங்களே பங்கிட்டுக்கொள்ளுங்கள், நியாயத்தை நாடுங்கள், பிறகு சீட்டுக் குலுக்குங்கள், அதன் பின் ஒருவரையொருவர் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள்.

ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்து எந்தத் தேர்தல் எப்போது வந்தாலும், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் வீட்டாரின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, திருத்தத்துக்குப் படிவம் 8. போன தேர்தலிலிருந்து பேசாமல் இருப்பவர்கள் இந்த ஸஃப்பிலேயே இருந்தால், தொழுகை முடிந்து வெளியே போகும் முன் அந்த ஸலாமைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அல்லாஹ் நம் அனைவருடைய தவறுகளையும் மன்னிப்பானாக! ஆமீன். குத்பாவின் பாங்குக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.